உவருக்கு மேடு, களருக்குக் குழி: டெல்டாவில் விறகுப் பயிர் வைக்கும் செய்முறைப் பதிவு

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை நிலத்தையும் திருச்சி மணிகண்டம் பக்கத்து நிலத்தையும் சித்திரை மாதத்தில் போய்ப் பார்த்தால் இரண்டும் வெளுத்துத்தான் கிடக்கும். ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்: உப்புப் பூத்த நிலம். ஆனால் முதலாவது உவர். அதில் கரையும் உப்பு அதிகம், வடியவைத்துக் கழுவினால் போகும். இரண்டாவது களர். அதில் உப்பு அவ்வளவு இல்லை, களித்துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வியாதி. உவரில் ஜிப்சம் கொட்டினால் காசுதான் கரையும். களரில் ஜிப்சம் இல்லாமல் வெறும் தண்ணீர் கட்டினால் மண் இன்னும் இறுகும். நெல் கைவிட்ட நிலத்தில் சவுக்கோ கருவேலமோ வைத்து விறகாகவாவது எடுக்கலாம் என்று இறங்குகிறவர்கள் பணம் விடுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

கீழே உள்ள அளவெல்லாம் ஒரு ஏக்கருக்கு, அதாவது மூன்று மாவுக்கு.

டம்ளர் சோதனை

ஆய்வகத்துக்கு மண் அனுப்பும் முன் இதைச் செய்துவிடலாம். செலவு ஒன்றுமில்லை. கண்ணாடி டம்ளர் ஒன்று, பிடித்து வைத்த மழைநீர். போர்த் தண்ணீர் கூடாது, அதில் இருக்கும் உப்பே முடிவை மறைத்துவிடும். நன்றாகக் காய்ந்த மண்ணிலிருந்து பட்டாணி அளவு கட்டி ஒன்றை எடுத்து, மெதுவாகத் தண்ணீருக்குள் விட வேண்டும். ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது.

பத்து நிமிடத்தில் கட்டி உதிரும். இதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம், பல மண்ணும் உதிரும். இரண்டு மணி நேரம் கழித்து மண்ணைச் சுற்றியுள்ள தண்ணீரைப் பாருங்கள். உவர் மண் என்றால் உதிர்ந்த மண் அடியில் உட்கார்ந்து தண்ணீர் தெளிவாக நிற்கும். களர் என்றால் கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி ஒரு வளையம் கிளம்பி, மெல்லப் பரவி, மறுநாள் காலையிலும் டம்ளர் முழுக்கக் கலங்கியே இருக்கும். சோடியம் ஒட்டிய களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதன் அடையாளம் அது. வயலில் இதே துகள்கள்தான் மண்ணின் துளைகளை அடைத்து, மேலே தண்ணீர் நிற்க, கீழே மண்ணைக் காய வைக்கின்றன.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. உப்பும் சோடியமும் சேர்ந்த களர்-உவர் மண் முதல் தடவை தெளிவாகவே நிற்கும், ஏனென்றால் மிகுந்த உப்பு துகள்களை ஒட்டி வைத்திருக்கும். அதனால் தெளிந்த தண்ணீரை மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டு மறுபடி மழைநீர் விடுங்கள். இப்படி இரண்டு முறை. மூன்றாவது தண்ணீரில் பால் கிளம்பினால் அது களர்-உவர். இந்த நிலத்தில் கழுவுவதற்கு முன்பே ஜிப்சம் போட்டாக வேண்டும்.

கலங்கி நிற்கும் டம்ளரில் ஒரு சிட்டிகை விவசாய ஜிப்சம் போட்டுக் கலக்கி வைத்தால் மறுநாள் தெளிந்திருக்கும். நம் மண்ணுக்கு ஜிப்சம் வேலை செய்யுமா என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

அட்டையில் இருக்கும் எண்

மண் பரிசோதனை அட்டையில் மின்கடத்தும் திறன், அதாவது கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண், 1.1 என்று இருக்கும் (மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்). 4-க்கு மேல் போனால்தான் உவர் என்று எங்கோ படித்திருப்போம். அப்படியானால் கவலை இல்லை என்று நினைத்துவிடுவார்கள். அந்த 4 என்பது மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றுக்கான அளவு. ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணோடு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளக்கின்றன. தண்ணீர் கூடக் கூட எண் இறங்கும். என்ன விகிதத்தில் கலந்தார்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கையில் ஒரு சிறிய மீட்டர் இருந்தால் வீட்டிலேயே 1-க்கு 5 விகிதத்தில் பார்க்கலாம். காய்ந்து பொடித்த மண் 20 கிராம், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் 100 மில்லி. ஒரு மணி நேரம் விட்டு விட்டுக் குலுக்கி, அரை மணி தெளியவிட்டு மேல் தண்ணீரில் அளக்க வேண்டும். வரும் எண்ணைக் கனத்த களிமண்ணுக்கு 6, நடுத்தரக் களிக்கு 7, வண்டலுக்கு 9.5, மணல் கலந்த வண்டலுக்கு 14 ஆகியவற்றால் பெருக்கினால் குழைவுச் சாற்றின் அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடும். நடுத்தரக் களியில் 1.1 வந்தால் 7.7. நெல்லுக்கு 3 வரைதான் தாங்கும், அதன் பிறகு ஒவ்வோர் அலகுக்கும் மகசூல் 12 சதவீதம் குறையும். 7.7-ல் பாதிக்கு மேல் போய்விடும். சோளம் 6.8 வரை அசையாது. அதே நிலத்தில் அதற்கு இழப்பு 15 சதவீதத்துக்குள்தான். சவுக்கு இன்னும் கெட்டி.

மண் எடுப்பது பங்குனி, சித்திரையில். உப்பு மேலே ஏறி நிற்கும் காலம் அதுதான், தை மாதத்தில் எடுத்த மண் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். 0–15, 15–30, 30–60, 60–90 செ.மீ என்று நான்கு ஆழத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வெளுத்த திட்டையும் புல் முளைத்த திட்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண்தான் கிடைக்கும்.

கூடவே 2 மீட்டர் பி.வி.சி குழாய் ஒன்றில் அடிப்பாதி முழுக்கத் துளையிட்டு, கொசுவலை சுற்றி, நிலத்தில் இறக்கி வையுங்கள். மாதம் ஒருமுறை கயிற்றில் கல் கட்டி நிலத்தடி நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று குறித்து வர வேண்டும். கோடையிலும் அது 1.5 மீட்டருக்குள் நின்றால் எவ்வளவு கழுவினாலும் உப்பு திரி போல மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே மேடு கட்டாமல் மரம் வைக்க வேண்டாம்.

கடற்கரைப் பக்கம்: சித்திரை முதல் கார்த்திகை வரை

நிலம் சும்மா கிடந்திருந்தால் சீமைக்கருவேலம் ஏறியிருக்கும். அதை முதல் அறுவடையாகவே எடுத்துக்கொள்ளலாம். எரிதிறனில் சவுக்கோடு நிற்கக்கூடிய விறகு அது. ஆனால் தரையோடு வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே 30 செ.மீ வரை தோண்டி எடுத்தால்தான் ஓயும். உப்பைத் தாங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். ஆடு தின்று போடும் விதையில் பக்கத்து வயலெல்லாம் போய் ஏறும். புதிதாக நடுவதற்கு அது பயிர் இல்லை.

அடுத்தது வடிகால். மேட்டுக்கும் முன்னால் இதுதான். கடைமடை நிலம் தட்டை, வாட்டம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏற்றம் உப்பனாறு வழியாக வடிகாலில் எதிர்த்து வரும். வடிகுழாயை எந்த மட்டத்தில் வைப்பது என்பதை அமாவாசை அன்று ஏற்ற நேரத்தில் நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 160 மி.மீ பி.வி.சி குழாய் ஒன்றை வரப்பினூடே பதித்து, வெளிப்பக்க வாயில் 6 மி.மீ ரப்பர் தகடு ஒன்றை மேலே மட்டும் இரண்டு எவர்சில்வர் போல்ட்டால் தொங்கவிட வேண்டும். குழாயின் வாயை நேராக வெட்டாமல், மேல் உதட்டைவிடக் கீழ் உதடு சற்று வெளியே நீட்டி நிற்கும்படி சாய்வாக வெட்டினால் தகடு தன் எடையிலேயே படிந்து மூடும். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து வந்தால் அடைக்கும். இரும்பு போல்ட் உப்புக் காற்றில் துருப்பிடித்து அறுந்துவிடும். ஆகாயத்தாமரைத் தண்டு ஒன்று இடுக்கில் மாட்டினால் தகடு பாதி திறந்தே நிற்கும், ஒரே ராத்திரியில் வயல் முழுக்க உப்புத் தண்ணீர். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கையை விட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நண்டு வளையும் அப்படித்தான். வரப்பின் வெளிப்பக்கம் ஈரம் கசிந்தால் வளை உள்ளே வரை போயிருக்கிறது என்று பொருள்.

மேடு கட்டுவது வைகாசி, ஆனியில், நிலம் காய்ந்திருக்கும்போது. வரிசைக்கு வரிசை 3 மீட்டர். மேட்டின் அடி அகலம் 1.8 மீ, மேல் அகலம் 1 மீ, உயரம் 45 செ.மீ. இடையில் 1.2 மீ அகலமும் 60 செ.மீ ஆழமும் கொண்ட வாய்க்கால். அதில் வெட்டிய மண்தான் மேடு. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,350 மீட்டர் நீள மேடு, 850 கன மீட்டர் மண் வேலை. பொக்லைன் இல்லாமல் ஆகாது. ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது: மேல் 15 செ.மீ மண்ணை வழித்துத் தனியே போட்டு, அடிமண்ணால் மேட்டை எழுப்பி, கடைசியில் மேல்மண்ணைத் தலையில் போட வேண்டும். அவசரத்தில் நேராக வெட்டி ஏற்றினால் அடியில் கிடந்த சாம்பல் நிற உப்புச் சேறு உச்சிக்கு வந்துவிடும். நட்ட கன்று அதில்தான் வேர் விட வேண்டியிருக்கும்.

இனி இந்தப் பதிவில் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். மேட்டின் தலையைக் குவித்து விடக் கூடாது. உப்பு ஈரத்தோடு ஏறி, ஈரம் ஆவியாகும் மிக உயர்ந்த இடத்தில்தான் படியும். குவிந்த மேட்டில் அந்த உச்சி கன்றின் கழுத்தாக இருக்கும். மேட்டின் நடுவில் 30 செ.மீ அகலம், 12 செ.மீ ஆழத்தில் ஒரு பள்ளம் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் மேடு ஒட்டகத்தின் இரட்டைத் திமில் போல இருக்கும். மழைநீர் பள்ளத்தில் சேர்ந்து நேர் கீழே இறங்கி உப்பைக் கழுவும். மாசி மாதம் போய்ப் பார்த்தால் இரண்டு திமிலிலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படிந்திருக்கும், நடுப்பள்ளம் மண் நிறத்திலேயே இருக்கும். கன்று நிற்பது அந்தப் பள்ளத்தில்.

பள்ளத்தில் 3 மீட்டருக்கு ஒரு மண் தடுப்பு வைத்தால் மழைநீர் ஒரு மூலைக்கு ஓடாமல் அந்தந்த இடத்திலேயே இறங்கும். ஐப்பசி அடைமழையில் பள்ளத்தில் இரண்டு நாளைக்கு மேல் தண்ணீர் நின்றால் திமிலில் ஒரு கீறல் போட்டு விட்டுவிட வேண்டும், மழை விட்டதும் மூடிவிட வேண்டும்.

ஆவணியில் ஒரு மழை கிடைத்ததும் மேட்டின் சரிவில் தக்கைப்பூண்டு தூவிவிடலாம், ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ. பசுந்தாள் உரத்துக்கு இந்த அளவு போதாது, ஆனால் இங்கே அது முக்கியமில்லை. புது மேட்டை வடகிழக்குப் பருவமழை கரைத்துவிடாமல் வேர் பிடித்து நிறுத்தும். நடவின்போது வெட்டிப் பள்ளத்தில் மூடாக்காகப் போட்டால் ஆயிற்று.

கழுவுவதற்கான கணக்கு எளிது. எவ்வளவு ஆழ மண்ணைக் கழுவ வேண்டுமோ அவ்வளவு ஆழத் தண்ணீர் அதன் வழியே கீழே இறங்கினால் உப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு போகும். 45 செ.மீ மேட்டுக்கு 45 செ.மீ தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழை சாதாரண ஆண்டில் அதைக் கொடுத்துவிடும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் சௌகரியம்.

கன்று

சவுக்கில் இப்போது கலப்பினக் குளோன்கள் கிடைக்கின்றன, கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனம் வெளியிட்டவை. கடற்கரை மணலுக்கு நாட்டுச் சவுக்கே போதும். களிமண்ணில் நீர் சற்று நின்றாலும் தாங்க வேண்டும் என்றால் கலப்பினம் நல்லது. பையில் வளர்த்த கன்றென்றால் இரண்டைக் கிழித்து வேரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்த மரம் காற்றுக்கு நிற்காது. வேர்ப்பயிற்சிக் குப்பிகளில் வளர்த்தவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

சவுக்கு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுப்பது ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் வழியாக. இதுவரை சவுக்கே பார்க்காத உப்பு நிலத்தில் அது இருக்காது. பழைய சவுக்குத் தோப்பில் வேரோரம் தோண்டினால் பவளம் போலக் கொத்துக் கொத்தாக வேர் முடிச்சுகள் கிடைக்கும். உடைத்தால் உள்ளே வெளிர் நிறமாக இருப்பவை உயிரோடு இருப்பவை, கறுத்தவை செத்தவை. இரண்டு கைப்பிடி முடிச்சைக் கழுவி, அம்மியில் அரைத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து நாற்றங்காலில் ஊற்றினால் போதும். நட்ட பிறகு கன்று உப்பு அடிக்காமலேயே வெளிறி நின்றால் முதலில் பிடுங்கிப் பார்க்க வேண்டியது இந்த முடிச்சைத்தான், யூரியா மூட்டையைத் தேடிப் போக வேண்டாம்.

நாற்றங்காலில் கடைசி மூன்று வாரம் உப்புக்குப் பழக்க வேண்டும். கடல்நீரே இதற்குச் சரி, சமையல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் இல்லை. முதல் வாரம் 25 லிட்டர் நல்ல தண்ணீரில் 1 லிட்டர் கடல்நீர், அடுத்த வாரம் 2 லிட்டர், மூன்றாவது வாரம் 3 லிட்டர். மின்கடத்தும் திறன் முறையே 2, 4, 6 என்ற அளவில் வரும். ஊசியிலை நுனி பழுப்பானால் அவசரப்பட்டிருக்கிறோம், ஒரு வாரம் பின்வாங்க வேண்டும்.

நடவு கார்த்திகைப் பின்பாதியில். அதற்கு முன் நட்டால் மேடு இன்னும் கழுவப்பட்டிருக்காது, மார்கழி தாண்டினால் வேர் இறங்குமுன் வெயில் வந்துவிடும். பள்ளத்தில் 75 செ.மீ இடைவெளிக்கு ஒன்று, ஏக்கருக்கு 1,800 கன்று. செத்த இடத்தில் மறுநடவு செய்ய ஒரு நூற்றைம்பது கையில் இருக்கட்டும்.

முதல் கோடை

சாகிற கன்றுகளில் பெரும்பாலானவை இந்த முதல் கோடையில்தான் சாகும், அதுவும் தண்ணீர் ஊற்றியே. தினமும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது கருணையாகத் தெரியும். அந்த ஈரம் மேல் 10 செ.மீ-ல் நின்று ஆவியாகிப் போகும், போகும்போது உப்பைக் கன்றின் காலடியிலேயே விட்டுப் போகும். ஐந்து நாளுக்கு ஒருமுறை 8 முதல் 10 லிட்டர் ஒரே மூச்சில் ஊற்றினால் உப்பு கீழே தள்ளப்படும். தண்ணீரின் மின்கடத்தும் திறன் 3-க்குள் இருக்கட்டும். மணற்பாங்கான இடங்களில் ஆழமில்லாத ஊற்றுக்குழியில் மேலாக மிதக்கும் நல்ல தண்ணீர் கிடைக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு நீர் மேலே ஏறிவிடும். மெல்ல இறைக்க வேண்டும்.

சித்திரையில் ஒரு தூறல் விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். 5 மி.மீ மழை திமிலில் பூத்த உப்பைக் கரைத்து வேர்ப்பகுதிக்குள் இறக்கிவிடும், அதற்குக் கீழே தள்ளும் அளவுக்குத் தண்ணீர் இருக்காது. அடுத்த நாலு நாளில் கன்று கருகும். தூறல் விட்ட உடனே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட வேண்டும். ஈரத்தில் எதற்குத் தண்ணீர் என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

மூடாக்கு கட்டாயம். சவுக்குச் சருகு விழ ஆரம்பித்த பிறகு அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிடும், அடுப்புக்கு அருமையாக எரியும். முதல் இரண்டு வருடம் அள்ள விடக் கூடாது. சாம்பல்சத்து வேண்டுமென்றால் பொட்டாசியம் குளோரைடு இல்லாமல் சல்பேட்டாக இடுங்கள், உப்பு நிலத்தில் இன்னும் குளோரைடைக் கொண்டுவந்து சேர்ப்பானேன்.

என்ன கெட்டது என்று கண்டுபிடிக்க ஊசியிலையைப் பார்த்தாலே போதும். நுனியிலிருந்து கீழாகக் காய்ந்தால் உப்பு. அடிக்கிளைகள் முதலில் மஞ்சளாகிக் கழுத்து ஊதினால் நீர் தேங்கியிருக்கிறது. மரம் முழுக்க ஒரே சீராக வெளிறினால் முடிச்சு இல்லை. இரண்டு, மூன்று வயது மரத்தில் பட்டை கொப்புளமாக எழும்பி, உரித்தால் கரித்தூள் மாதிரி கறுப்புப் பொடி கொட்டினால் கொப்புளப்பட்டை நோய். அந்த மரத்தை வெட்டி வெளியே எடுத்து எரித்துவிட வேண்டும், மருந்தால் திரும்பாது.

காற்று வேறு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது சவுக்கும் தென்னையும் விழுந்து கிடந்த காட்சி யாருக்கும் மறந்திருக்காது. மேட்டில் நிற்கும் மரத்துக்கு வேர் ஆழம் குறைவு, ஆகவே இன்னும் எளிதில் சாயும். நான்காவது பருவமழைக்கு முன் வெட்டிவிடுவது புத்திசாலித்தனம். கடல் பார்த்த ஓரத்தில் இரண்டு வரிசையை மட்டும் 50 செ.மீ நெருக்கத்தில் நட்டு, அடிக்கிளையைக் கழிக்காமல் விட்டால் உள்ளே உள்ளவை தப்பும்.

களர்ப் பக்கம்: துளைக்குழி

மணிகண்டம் வட்டாரம் களருக்குப் பேர்போனது. நவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியிலிருந்து களரைத் தாங்கும் திருச்சி நெல் ரகங்கள் வந்ததும் அதனால்தான். இங்கே நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும், மேடு தேவையில்லை. தடை வேறு: காரத்தைக் காட்டும் பி.எச் 9-க்கு மேல், கீழே இறுகிய களி, சில இடங்களில் 60 செ.மீ முதல் 1 மீட்டர் ஆழத்தில் சுக்கான் படுகை, அதாவது இறுகிய சுண்ணாம்புக் கட்டி அடுக்கு. வேர் அதைத் தாண்டினால் மரம் பிழைக்கும்.

நிலம் முழுக்க ஜிப்சம் இடுவதென்றால் கணக்கு இப்படிப் போகும். மண்ணின் அயனிப் பரிமாற்றத் திறன் (களித்துகள்கள் பிடித்து வைக்கும் அயனிகளின் மொத்த அளவு) 100 கிராமுக்கு 25 மில்லி சமானம், அதில் பரிமாற்ற சோடியம் (துகளோடு ஒட்டிய சோடியம்) 30 சதவீதம், அதை 12-க்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறைக்க வேண்டியது 4.5 மில்லி சமானம். 15 செ.மீ ஆழத்துக்கு ஒரு மில்லி சமானத்துக்கு ஏக்கருக்கு 780 கிலோ சுத்தமான ஜிப்சம் ஆகும். மொத்தம் 3.5 டன். கடையில் கிடைப்பது 75 சதவீதச் சுத்தம் என்றால் 4.7 டன். இதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டுமே. ஒரு லிட்டரில் கரைவது 2.5 கிராம்தான், ஆக ஒரு டன்னுக்கு ஏக்கரில் 10 செ.மீ நீர், 3.5 டன்னுக்கு 35 செ.மீ. ஒரே ஒரு தடவை தண்ணீர் கட்டிவிட்டு ஜிப்சம் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

விறகு மரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. கர்னாலில் உள்ள மத்திய மண் உவர் ஆராய்ச்சி நிறுவனம் களருக்கென்று செம்மைப்படுத்திய துளைக்குழி முறையே போதும். டிராக்டரில் பொருத்தும் துளைக்கருவியில் 9 அல்லது 12 அங்குல அலகு, 120 செ.மீ ஆழம், சுக்கான் இருந்தால் அதைத் துளைத்து அடுத்த மண் தெரியும் வரை. 2.5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 650 குழி. குழிக்கு ஜிப்சம் 3 கிலோ, மக்கிய தொழுவுரம் 8 கிலோ. வெளியே வந்த சுக்கானைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அதே மண்ணோடு கலந்து நிரப்ப வேண்டும். மொத்த ஜிப்சம் 2 டன்னுக்குள் முடிந்துவிடும். 12 அங்குலக் குழியின் மண்ணுக்கு மட்டும் பார்த்தால் மேலே போட்ட கணக்குப்படி அரைக் கிலோவே போதும். மீதி கரைந்து சுவருக்கும் அடிக்கும் போய்ச் சேர்ந்து வேருக்கு மேற்கொண்டு வழி விடுவதற்காக.

ஈரக் களியில் துளையிட்டால் அலகு குழிச் சுவரைச் சட்டிபோல மழுக்கிவிடும். வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், தொட்டிச் செடி மாதிரி. காய்ந்த நிலத்தில் துளையிட வேண்டும், அப்படியும் பளபளத்தால் கடப்பாரையால் சுவரைக் கீறிவிட வேண்டும். நிரப்பிய குழியில் நடவுக்கு முன் இரண்டு முறை நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை அமர வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் கன்று ஒரு சாண் கீழே இறங்கிக் கழுத்து புதையும். நடவு புரட்டாசிக் கடைசி, ஐப்பசி.

பி.எச் 10-ஐத் தொட்டாலும் கருவேலமும் சவுக்கும் நிற்கும். தைலம், புங்கம், நீர்மருது எல்லாம் 9-ஐ ஒட்டிய நிலத்துக்கு. தழைச்சத்தை யூரியாவாகக் கொடுத்தால் இந்தக் காரத்தில் பாதி அம்மோனியாவாகப் பறக்கும், அம்மோனியம் சல்பேட்டை மண்ணுக்குள் வைத்து மூடுங்கள். துத்தநாகக் குறை ஏறக்குறைய நிச்சயம், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட். மர வரிசைகளுக்கு இடையில் தக்கைப்பூண்டை விதைத்து 45–50 நாளில் மடக்கி உழுதால் அதன் வேர் விடும் கரியமில வாயு மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை வெளியே கொண்டுவரும். மெதுவாக வேலை செய்யும் ஜிப்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

போர்த் தண்ணீரில் சோப்பு ரொம்ப நன்றாக நுரைத்தால் சந்தேகப்படுங்கள். கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த தண்ணீராக இருக்க வாய்ப்பு. எஞ்சிய சோடியம் கார்பனேட் (கால்சியம், மெக்னீசியத்துக்கு மேல் மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்) லிட்டருக்கு 2.5 மில்லி சமானத்தைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வோர் அலகுக்கும் 1,000 லிட்டருக்கு 86 கிராம் ஜிப்சம் கரைத்து விட வேண்டும். தொட்டியில் ஜிப்சம் கட்டிகளைப் போட்டு அதன் வழியே தண்ணீரை விட்டாலும் ஆகும்.

இந்தத் துளைக்குழியைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 650 உப்புக் கிணறு கிடைக்கும்.

வெட்டும்போதும் விற்கும்போதும்

வெட்டுமுன் எடை மதிப்பிட: நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு 25 செ.மீ, உயரம் 9 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் 0.022 கன மீட்டர். பச்சை மரம் கன மீட்டருக்கு ஒரு டன்னை ஒட்டி வரும். ஆக மரத்துக்கு 22 கிலோ. 1,800-ல் 1,500 நின்றிருந்தால் 33 டன். ஓரத்தில் நன்றாக வளர்ந்ததை மட்டும் அளக்காமல் உள்ளே பத்து இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடைமேடையில் முகம் வாடும்.

வெட்டு தை, மாசியில், வண்டி இறங்கும்படி நிலம் காய்ந்த பிறகு. எரிக்க வாங்குபவருக்குப் பச்சையாகக் கொடுப்பதா காய வைத்தா என்பதை விலையோடு சேர்த்து யோசியுங்கள். முழுக்கக் காய்ந்த கட்டை கிலோவுக்குப் பயன்படும் வெப்பமாக 4,500 கிலோகலோரி தரும் என்று வைத்தால், 50 சதவீத ஈரத்தில் 1,960-தான் வரும். 20 சதவீத ஈரத்தில் 3,480. அதாவது 1 டன் பச்சை மரம் காய்ந்து 625 கிலோவானாலும் உள்ளே இருக்கும் வெப்பம் குறையவில்லை, சற்றுக் கூடுகிறது. எடைக்கு மட்டும் விலை சொல்பவரிடம் காய வைத்துக் கொடுப்பது நமக்கு நஷ்டம். காகித ஆலைக்குப் போகும் கட்டை வேறு கணக்கு.

உப்பு நிலத்து விறகில் கொதிகலன்காரர்கள் குறை சொல்வதில் நியாயம் உண்டு. மரம் உறிஞ்சிய சோடியமும் குளோரைடும் சாம்பலுக்கு வருகின்றன. சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிக் கிட்டமாக, அதாவது கெட்டிப் பாளமாக, இறுகும், குளோரைடு நீராவிக் குழாயை அரிக்கும். இதில் பெரும்பங்கு ஊசியிலையிலும் சிறு குச்சியிலும்தான் இருக்கிறது. விரல் பருமனுக்குக் குறைந்ததையெல்லாம் நிலத்திலேயே விட்டுவிட்டுக் கட்டையை மட்டும் ஏற்றினால் குறை பாதி தீரும், நிலத்துக்கும் மூடாக்கு. திரும்பக் கிடைக்கும் சாம்பலைக் களரில் கொட்டாதீர்கள், அது காரம்.

நாட்டுச் சவுக்கு வெட்டிய அடிக்கட்டையிலிருந்து நம்பும்படி துளிர்க்காது, மறுநடவுதான். மேடு அப்படியே இருக்கும், ஆனால் நான்கு வருட மழையில் திமில் தேய்ந்து பள்ளம் தூர்ந்திருக்கும். ஆவணிக்குள், முதல் மழை விழுமுன், திமிலில் பூத்த வெள்ளையை மண்வெட்டியால் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு வழித்து வாய்க்காலில் தள்ளிவிட்டு, அடிக்கட்டைகளுக்கு இடையில் பள்ளத்தை மறுபடி 12 செ.மீ-க்கு இழுத்தால் அடுத்த நடவுக்கு மேடு தயார். வாய்க்காலில் விழுந்த உப்பு ஐப்பசி வெள்ளத்தோடு வெளியே போகும், ரப்பர் தகடு ஒழுங்காக மூடித் திறந்தால்.